குடியை விட நினைக்கும் அண்ணனுக்குக் கூட்டம் தேடுவது: மலையகத்தில் எங்கே, எப்படி?

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் தங்கை ஒருவர் கேட்டிருந்தார். அண்ணனுக்கு நாற்பதை நெருங்கும் வயது, தோட்டத் தொழிற்சாலையில் வேலை, நாள் தவறாத குடி. அண்மையில் அவராகவே "விட்டுவிட வேண்டும் போலிருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார். குடியை விட்டவர்கள் ஒன்றுகூடிப் பேசும் கூட்டங்கள் இருப்பதாகக் கேள்வி. அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது, போனால் என்ன நடக்கும், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தெரிந்துவிடுமா, சாமி விஷயத்தில் ஏதும் சிக்கல் வருமா, தானும் கூடப் போகலாமா என்பவை அவருடைய கேள்விகள். வைத்தியசாலை உளநலப் பிரிவுகளில் பல காலம் வேலை செய்தவன், இப்படியான கூட்டங்களின் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

தங்கச்சி, நீங்கள் கேட்ட வரிசையிலேயே பதில் சொல்ல முடியாது. கூட்டத்தைத் தேடுவதற்கு முன்னால் அண்ணனின் உடம்பைப் பார்க்க வேண்டும்.

அவர் காலையில் எழுந்ததும் எப்படி இருக்கிறார் என்று சில நாள் கவனியுங்கள். பிளேன்டீ கோப்பையை ஒரு கையால் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் பற்றிக்கொள்கிறாரா? பல் துலக்கும்போது ஓங்காளிக்கிறாரா? வேலைக்கு இறங்கும் முன் ஒரு மிடறு உள்ளே போனால்தான் நடுக்கம் அடங்குகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் "இன்றோடு விடு" என்று வீட்டில் வைத்து நிறுத்தச் சொல்லாதீர்கள். கடைசியாகக் குடித்து ஆறு மணித்தியாலம் முதல் ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குச் சுவரில் பூச்சி ஊரும், யாரோ கூப்பிடுவது கேட்கும், தான் எங்கே இருக்கிறோம் என்பதே குழம்பும். கவனிக்காமல் விட்டால் அந்த நிலையில் உயிரே போகலாம். "காத்துக் கருப்பு அடித்துவிட்டது" என்று மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு, இரண்டு நாள் தாமதமாகத் தூக்கி வந்த ஆட்களை வார்ட்டில் பார்த்திருக்கிறேன்.

இதே காரியத்தை வைத்தியசாலையில் செய்தால் ஆபத்துக் குறைவு. சில நாள் வைத்திருந்து, நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மாத்திரையைக் கொடுத்து அதைப் படிப்படியாகக் குறைப்பார்கள். நெடுநாள் குடியால் உடம்பில் வற்றிப்போன தயமின் என்னும் விற்றமினையும் ஏற்றுவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்கெல்லாம் கட்டணம் கிடையாது. உங்கள் பக்கத்துக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை கிட்டம். நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை என்று பெரிய வைத்தியசாலைகளில் மனநல வைத்திய நிபுணர்கள் இருக்கிறார்கள். வெளிநோயாளர் பிரிவில் போய் "உளநலக் கிளினிக் எந்த நாள்?" என்று கேட்டால் போதும். அங்கே பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளை நிரப்பச் சொல்லலாம். அது உலக சுகாதார நிறுவனம் தயாரித்தது. எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றெல்லாம் கேட்கும் அந்தத் தாளில் அண்ணன் உண்மையைச் சொன்னால்தான் மாத்திரையின் அளவு சரியாக அமையும். அரைப் போத்தலைக் "கொஞ்சம்" என்று சொல்வது எங்கள் ஆண்களின் வழக்கம். கூட இருந்து திருத்துங்கள்.

இனிக் கூட்டத்துக்கு வருவோம். எங்கள் ஆட்களுக்குக் குடியை நிறுத்தத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சபரிமலைக்கு மாலை போட்ட மனிதர் ஒரு மண்டலம் முழுவதும் சொட்டுக்கூடத் தொடாமல் இருப்பதை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கிறோம். (கை நடுங்கும் அளவுக்குக் குடிப்பவர் வைத்தியரைக் கேளாமல் மாலை போடுவதிலும் மேலே சொன்ன ஆபத்து இருக்கிறது என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவைக்கிறேன்.) மாலையைக் கழற்றிய அடுத்த நாள் என்ன நடக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு மண்டலத்தை அவர் எப்படிக் கடந்தார் என்று யோசித்துப் பாருங்கள். குருசாமி ஒருவர் இருந்தார். கூடவே மாலை போட்ட நான்கு பேர் இருந்தார்கள். மாலையில் பஜனைக்குப் போக ஓர் இடம் இருந்தது. குடித்துவிட்டு வந்து கூப்பிட்ட கூட்டாளிகூட "சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டு விலகிப் போனான். மாலை இறங்கியதும் அந்தச் சுற்றம் கலைந்துவிடுகிறது. மனிதர் தனியாள் ஆகிறார். குடியை விட்டவர்களின் கூட்டம் அந்தச் சுற்றத்தைக் கலையவிடாமல் ஆண்டு முழுவதும் வைத்திருக்கும் ஒரு ஏற்பாடு. அண்ணனிடம் இப்படியே சொல்லுங்கள், விளங்கிக்கொள்வார்.

இப்படியான கூட்டங்களில் உலகெங்கும் பரவியிருப்பது அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ் (பெயர் வெளியிடாத குடிநோயாளர்கள்), சுருக்கமாக ஏஏ. அது பிறந்த கதை உங்கள் முதலாவது கேள்விக்கே விடை. 1935 மே மாதம் நியூயோர்க்கைச் சேர்ந்த பில் என்ற பங்குத் தரகர் அமெரிக்காவின் அக்ரன் நகருக்கு ஒரு வியாபார விஷயமாகப் போனார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. போன காரியம் தோற்றது. ஹோட்டல் முன்கூடத்தில் ஒரு பக்கம் மதுச்சாலையின் சிரிப்புச் சத்தம், மறுபக்கம் நகரத்துத் தேவாலயங்களின் பட்டியலும் தொலைபேசியும். இன்னொரு குடிகாரரோடு பேசினால்தான் இன்றைய நாளைத் தாண்டலாம் என்று அவருக்குத் தோன்றியது. பட்டியலிலிருந்த ஒரு போதகரை அழைத்தார். அவர் வேறு பெயர்களைக் கொடுத்தார், ஒருவர் மாற்றி ஒருவராகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் பொப் என்ற அறுவைச் சிகிச்சை வைத்தியரின் பெயர் கிடைத்தது. அவரும் மொடாக்குடியர். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். ஏஏ தொடங்கியது அந்தப் பேச்சிலிருந்துதான்.

மலையகத்திலும் கூட்டத்தைத் தேடும் வழி அதுவேதான். தொலைபேசியில் ஊர்ப் பெயரைத் தட்டித் தேடினால் கொழும்பு முகவரிகளும் பழைய அறிவித்தல்களும் வரும். அவற்றை நம்பி அண்ணனை பஸ் ஏற்றாதீர்கள். குழுக்கள் இடம் மாறும், கிழமை மாறும், நடத்தியவர் ஊர் மாறினால் நின்றும் போகும். அதனால்தான் நானும் இங்கே எந்த முகவரியையும் எழுதவில்லை. ஆளைக் கேட்டு ஆளைப் பிடிப்பதே உறுதியான வழி.

முதலில் கேட்க வேண்டியது உளநலக் கிளினிக்கில் இருக்கும் தாதியரை. வைத்தியரைவிட அவர்களுக்கே இது அதிகம் தெரியும். குடியை விட்டு ஐந்தாறு வருடம் கழித்தும் கிளினிக் கொப்பியோடு வந்து போகும் ஒரு மனிதர் அநேகமாக எல்லாக் கிளினிக்கிலும் இருப்பார். "இவருக்கு அவரை அறிமுகப்படுத்துங்கள்" என்று தாதியிடம் கேளுங்கள். சம்மதம் கேட்டுத்தான் அறிமுகப்படுத்துவார்கள். அந்த ஒரு மனிதருக்கு எந்த ஊரில் எந்தக் கிழமை யார் கூடுகிறார்கள் என்பது தெரிந்திருக்கும்.

பிறகு தொலைபேசி. 1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், இரவு பகலாக இயங்குவது. 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். 1984 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்தச் சபைக்குக் கண்டியிலும் ஒரு சிகிச்சை நிலையம் இருக்கிறது. 1333 இலக்கத்திலும் மனம்விட்டுப் பேசலாம். அழைத்ததும் சிங்களத்தில் பேசினால் வைத்துவிடாதீர்கள். "தமிழில் பேச வேண்டும்" என்று சொல்லி ஒரு நிமிடம் பொறுத்திருங்கள்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உதவியாளர் என்றொரு பதவி இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. அஸ்வெசுமவுக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் போகும் அதே கட்டடத்தில்தான் அவரும் இருப்பார். தேவாலயப் பங்குத் தந்தையரையும் கேட்கலாம். உலகம் முழுவதும் இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் ஆலய மண்டபங்களிலும் பாடசாலை அறைகளிலும் நடப்பதால் சாவி யார் கையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஏதாவதொரு குழுவின் தொடர்பு கிடைத்ததும், போவதற்கு முதல் நாளே அழைத்து இவற்றைக் கேளுங்கள்: இந்தக் கிழமையும் கூட்டம் உண்டா, எந்த மொழியில், திறந்த கூட்டமா (யாரும் வரலாம்) மூடிய கூட்டமா (குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும்), எத்தனை மணிக்கு முடியும். கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கொழும்பில் கூட்டம் இரவு எட்டுக்கு முடிந்தால் முச்சக்கரவண்டி பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். ஹட்டனில் இறங்கி, பஸ் மாறி, தோட்டத்துச் சந்தியில் இறங்கி மேலே ஏறிப் போக வேண்டியவருக்குக் கடைசி பஸ்தான் எல்லாம். அதைத் தவறவிட்டவர் பஸ் நிலையத்தில் தனியாக நிற்பார், எதிரே பார் திறந்திருக்கும். ஞாயிறு பகல் கூட்டமோ போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் கூட்டமோ கிடைத்தால் அதையே பிடியுங்கள். போயாவன்று மதுக்கடைகளும் மூடியிருக்கும். கள்ளத்தனமாக விற்பவன் எந்த லயத்தில் இருக்கிறான் என்பது அண்ணனுக்குத் தெரியும் என்றாலும், கண்முன்னால் திறந்திருக்கும் கதவு ஒன்று குறைகிறதல்லவா?

உள்ளே என்ன நடக்கும்? வாசலில் யாரும் பெயர் விலாசம் எழுதச் சொல்வதில்லை. அடையாள அட்டை கேட்பதில்லை. பழைய மண்டபம், பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு மூலையில் சுடுதண்ணீர்ப் போத்தலும் பிளேன்டீக் கோப்பைகளும். வருபவர்களில் ஒருவர் வங்கி உத்தியோகத்தராக இருப்பார், ஒருவர் லொறிச் சாரதி, ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அன்று தலைமை தாங்குபவர் ஒரு சிறிய முன்னுரையை வாசிப்பார். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி, சந்தா கிடையாது, எந்த மதத்தையும் கட்சியையும் அமைப்பையும் சார்ந்ததல்ல என்பது அதன் சாரம். பிறகு ஒருவர் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். தான் எப்படிக் குடித்தார், என்ன இழந்தார், எப்படி நிறுத்தினார், இப்போது எப்படி நாளைக் கழிக்கிறார் என்று ஐந்து பத்து நிமிடம் பேசுவார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள். புத்தி சொல்ல மாட்டார்கள். அடுத்தவர் பேசுவார். அண்ணன் முறை வரும்போது "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் அதோடு சரி, அடுத்தவரிடம் போய்விடும். ஒன்று அல்லது ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நடுவில் ஒரு தட்டோ பையோ சுற்றி வரும். மண்டப வாடகைக்கும் தேயிலைக்கும் விரும்பியவர் போடும் காசு அது. புதியவர் போட வேண்டியதில்லை.

என் கணிப்பில் கூட்டத்தின் பாதிப் பயன் கூட்டம் முடிந்த பிறகுதான் கிடைக்கிறது. கதிரையை அடுக்கும்போது யாராவது அண்ணனிடம் வந்து தொலைபேசி இலக்கம் கொடுப்பார். அதை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சம்பள நாள் பின்னேரம் கை அரிக்கும்போது அழைப்பதற்கு ஓர் இலக்கம் வேண்டும். அப்படிக் கொஞ்சக் காலம் பழகிய பிறகு, குடியை விட்டுப் பல வருடமான ஒருவரை வழிகாட்டியாக இருக்கக் கேட்டுக்கொள்வது ஏஏயின் வழக்கம். குடியிலிருந்து மீள ஏஏ வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளைத் தனியாகப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, அப்படி ஒருவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதே முறை. முதல் நாளே பன்னிரண்டையும் விளங்கிக்கொள்ள அண்ணன் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

மொழி பற்றி ஒரு வார்த்தை. கண்டிப் பக்கம் கிடைக்கும் கூட்டம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். கடைத்தெருச் சிங்களம் தெரிந்த எங்கள் ஆள் அங்கே போய் முக்கால்வாசி விளங்கிக்கொள்வார், குடிகாரனின் கதை எல்லா மொழியிலும் ஒன்றுதான். ஆனாலும் தன் மனதிலிருப்பதை அவிழ்க்கத் தாய்மொழி வேண்டும். அதற்கு இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஏஏ நன்றாக வேரூன்றியிருக்கிறது, ஏஏயின் முதன்மையான புத்தகமும் தமிழில் இருக்கிறது. 2020 இல் கொரோனா முடக்கம் வந்த பிறகு பல குழுக்கள் ஸூம் வழியாகக் கூடத் தொடங்கின. இந்தியாவுக்கும் எங்களுக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால் நேரக் கணக்குப் பார்க்கும் தொல்லையும் இல்லை. படத்தை மறைத்துவிட்டு, பெயரை மாற்றிவிட்டுக் கேட்கலாம். இடைஞ்சல் என்னவென்றால் லயத்துக்குள் இருந்து இதைப் பேச முடியாது, சில தோட்டங்களில் அலைவரிசை கிடைக்கும் இடமே மேட்டுக் கோயிலடிதான். காதுக்கருவியை மாட்டிக்கொண்டு அங்கே போய் உட்காரட்டும். இணையக் கூட்டம் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது என்பேன். கூட்டம் முடிந்து கதிரை அடுக்க அங்கே ஆள் இல்லை.

சாமி விஷயம். உங்கள் அம்மா பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள், வேதக்காரர் (கிறிஸ்தவர்) ஆக்கிவிடுவார்களோ என்று. மலையகத்தில் அந்தப் பயத்துக்குக் காரணமில்லாமல் இல்லை. நோய் தீர்க்கிறோம், குடி நிறுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஜெபக்கூட்டம் நடத்துபவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் வருகிறார்கள். ஏஏ அது அல்ல. ஆலய மண்டபத்தில் நடந்தால் அதற்குக் குழு வாடகை கொடுக்கிறது, அவ்வளவே. பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, உண்மைதான். "அவரவர் உணர்ந்துகொண்டபடியான கடவுள்" என்பதே அங்கே எழுதியிருப்பது. அண்ணனுக்கு அது மாரியம்மனாக இருக்கலாம், முனியாண்டியாக இருக்கலாம், சாமியே இல்லாதவருக்கு அந்தக் குழுவாகவும் இருக்கலாம். கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தால் போதாதா என்று அம்மா கேட்பார். செய்யட்டும், நல்லதுதான். சத்தியம் உடைந்த அன்று அம்மன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக் கோயில் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்களே, அதுதான் அதன் கஷ்டம். குடித்துவிட்டுத் தவறிய அடுத்த நாள் வெட்கப்படாமல் போகக்கூடிய ஓர் இடமும் வேண்டும்.

லயத்தில் தெரியுமா? நேர்மையாகச் சொன்னால், ஒரு நாள் தெரியத்தான் போகிறது. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் தாளிப்பது அந்தப் பக்கம் மணக்கும் இடத்தில் எதை மறைக்க முடியும்? ஏஏயில் அங்கே பார்த்தவரை, கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பது கண்டிப்பான வழக்கம். ஆனால் பஸ்ஸில் கண்டவரின் வாயை யார் கட்டுவது? அதனால் முதல் சில மாதம் உங்கள் நகரத்தை விட்டு அடுத்த நகரத்துக் கூட்டத்துக்குப் போவது புத்திசாலித்தனம். மஸ்கெலியாக்காரர் ஹட்டனுக்கோ நாவலப்பிட்டிக்கோ கண்டிக்கோ போகலாம், பண்டாரவளைக்காரர் பதுளைக்குப் போகலாம். யாராவது கேட்டால் "கிளினிக்குக்குப் போகிறேன்" என்று சொன்னால் பொய்யுமில்லை. ஒரு விஷயத்தை நினைத்துப் பாருங்கள். அண்ணன் குடிப்பது ஏற்கெனவே எல்லா லயத்துக்கும் தெரியும், வாய்க்காலோரம் விழுந்து கிடந்ததைக் கண்டவர்களும் இருப்பார்கள். அது தெரிவதில் வராத வெட்கம் நிறுத்துவது தெரிவதில் ஏன் வருகிறது என்று அவரிடம் ஒருநாள் நிதானமாகக் கேட்கலாம். உண்மையான தொந்தரவு வேறு இடத்திலிருந்து வரும். தோளில் கைபோட்டு "என்னடா, பெரிய மனுசனாகிவிட்டாயா, ஒரு கால் போடு" என்று இழுக்கும் கூட்டாளிகள், எட்டுச் செலவுக்கும் கருமாதிக்கும் போத்தல் வைக்கும் வழக்கம், தீபாவளி முற்பணம் கைக்கு வரும் கிழமை. இந்த மூன்றுக்கும் முன்கூட்டியே பதில் தயாரித்து வைக்க வேண்டும். மரண வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பெண்களைப் பற்றியும் ஒரு வரி. எங்கள் தோட்டங்களில் குடிக்கும் பெண்கள் இல்லை என்று பேசுவது பொய். அவர்களுக்கு ஆண்கள் நிறைந்த மண்டபம் ஒத்துவராது. இணையவழியில் பெண்கள் மட்டும் கூடும் குழுக்கள் உண்டு, அல்லது கிளினிக் தாதியிடமே தொடங்கலாம்.

இதனால் பலன் உண்டா என்று உங்கள் சின்னண்ணன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். 2020 இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கெடுத்த 10,565 பேரையும் சேர்த்துப் பார்த்தது. குடியை முற்றாக விட்டுத் தொடர்ந்திருப்பதில், ஏஏ கூட்டங்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை மற்றப் பேச்சுச் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தது என்பது அதன் முடிவு. எல்லோருக்கும் ஒத்துவரும் என்று அதற்கு அர்த்தமல்ல. சிலருக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அவர்களுக்கு மருந்தும் தனிப்பட்ட உளவளத்துணையும் உண்டு. ஒரு கூட்டத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் இருக்கும். அரை டசின் தடவையாவது போய்ப் பார்க்கட்டும்.

இடையில் ஒருநாள் குடித்துவிட்டு வந்தால்? வரக்கூடும். மேலே சொன்ன டொக்டர் பொப்பே, பில்லைச் சந்தித்த சில வாரங்களில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போய் முட்டக் குடித்துவிட்டுத்தான் திரும்பினார். அவருடைய கடைசிக் குடி 1935 ஜூன் 10 என்கிறார்கள், அந்தத் தேதியையே ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. தொடங்கியவரே ஒருமுறை சறுக்கியவர்தான் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கட்டும். சறுக்கிய அன்று வீட்டில் பழைய கணக்கையெல்லாம் எடுத்துப் பேசாதீர்கள், அடுத்த கூட்டத்துக்கு பஸ் காசை எடுத்து வையுங்கள்.

எல்லா இடத்திலும் கேட்டுப் பார்த்தும் போய்வரக்கூடிய தூரத்தில் தமிழ்க் கூட்டம் அகப்படவில்லை என்றால் சோர்ந்துவிட வேண்டாம். குடியை விடுவதற்காக இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே அது ஒரு குழு என்று ஏஏயின் மரபுகளே சொல்கின்றன. பதிவு வேண்டாம், தலைவர் செயலாளர் வேண்டாம். (எங்கள் ஊரில் எந்தச் சங்கம் தொடங்கினாலும் முதலில் தலைவர் யார் என்ற சண்டைதான் வரும், இதில் அந்த வில்லங்கமே கிடையாது.) கிளினிக்கில் அறிமுகமான அந்த மனிதரும் அண்ணனும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வாசிகசாலையிலோ பாடசாலைத் திண்ணையிலோ ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தால் கூட்டம் தொடங்கிவிட்டது. தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கலாம், ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசலாம். ஒரே நேரம், ஒரே இடம், மழை வந்தாலும் ஆள் வராவிட்டாலும் திறப்பது என்ற பிடிவாதம் மட்டும் வேண்டும். எங்கள் மலையில் மழையைச் சாட்டாக வைத்தால் வருடத்தில் பாதி நாள் நடக்காது. தாதியிடமும் உளவளத்துணை உதவியாளரிடமும் சொல்லி வைத்தால் மூன்றாவது ஆளை அவர்கள் அனுப்புவார்கள்.

இனி உங்களுக்கும் அண்ணிக்கும். கடையில் விற்கும் பொடியை அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அப்படி விற்கப்படும் சிலவற்றில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாக முடியலாம். வைத்தியர் சொல்லி, அவரே தெரிந்து விழுங்கினால் அது மருந்து. தெரியாமல் கொடுத்தால் நஞ்சு வைத்த கதைதான். கேட்ட பணத்தை வாங்கிக்கொண்டு ஆளைக் கதவடைத்து வைத்திருக்கும் இடங்களுக்கும் அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். முதலில் வைத்தியசாலையில் விசாரியுங்கள்.

சம்பளத்தை அண்ணியின் கையில் கொடுக்க அண்ணனே ஒப்புக்கொண்டால் முதல் சில மாதங்களுக்கு அது பெரிய உதவி. பிடுங்கிக்கொள்வது வேறு, அவராகக் கொடுப்பது வேறு. குடும்பத்தவர்களுக்கென்று அல் அனோன் என்ற தனிக் கூட்டமும் இருக்கிறது. 1951 இல் பில்லின் மனைவி லோயிஸ் முன்னின்று தொடங்கியது. அண்ணன் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் அண்ணி தன் பாரத்தை இறக்கி வைக்க அது உதவும், தமிழில் இணையவழியாகத் தேடிப் பாருங்கள். வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால் அதைக் கூட்டம் சரிப்படுத்தும் என்று காத்திருக்கக் கூடாது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

நீங்கள் கூடப் போகலாமா என்பது பாக்கி. திறந்த கூட்டமென்றால் தாராளமாகப் போகலாம். குடும்பத்தவர், ஆசிரியர், மாணவர் என்று யாரும் வந்து உட்காரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கு மட்டும் உரியது, நீங்கள் வாசல் வரைதான். முதல் தடவை திறந்த கூட்டமாகப் பார்த்து இருவரும் சேர்ந்து போங்கள், பின்வரிசையில் உட்காருங்கள், அண்ணனுக்குப் பதிலாக நீங்கள் பேச வேண்டாம். இரண்டாம் தடவையிலிருந்து அவரை உள்ளே விட்டுவிட்டு நீங்கள் கடைத்தெருவில் கிழமைச் சாமானை வாங்கிக்கொண்டு, முடியும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்தி பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.